பத்துப் பேர் கூடுற வீட்டுக்கு எந்த மோஷன் கேம்?

29 நவம்பர் 2025 – கேள்வி

பொங்கலுக்கு ஊர்ல இருந்து எல்லாரும் வர்றாங்க, பத்துப் பன்னெண்டு பேர். ஏழு வயசுப் பையன்ல இருந்து எழுபது வயசுப் பெரியம்மா வரைக்கும். என்கிட்ட பழைய நின்டெண்டோ சுவிட்ச் கேம் பெட்டி இருக்கு, அதோட கை ரிமோட்டான ஜாய்-கான் ஒரே ஜோடிதான். டக்கு டக்குனு மாறுற குட்டிக் குட்டி கேமா, கையைக் காலை ஆட்டி ஆடற மாதிரி வேணும். வாரியோவேர்: மூவ் இட் வாங்கறதா, ஒன்-டூ-சுவிட்ச் வாங்கறதா? வீ (நின்டெண்டோவோட 2006 கேம் பெட்டி) காலத்து மோஷன் எல்லாம் சும்மா ஏமாத்து வேலை, இப்பதான் துல்லியமா வந்திருக்குன்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா?

29 நவம்பர், ராத்திரி

ரெண்டும் வேணாம். சொந்தக்காரங்க வீட்டுப் பரண்ல தூங்கற வீ ஏதாவது இருக்கான்னு விசாரிங்க. கூடவே வாரியோவேர்: ஸ்மூத் மூவ்ஸ் டிஸ்க். ஒரே ரிமோட், 12 பேர் ஆடலாம். ஜாய்-கான் கணக்கே வராது. மீதி நாளைக்கு.

30 நவம்பர்

சொன்னபடி மீதி.

ஸ்மூத் மூவ்ஸ் ஜப்பான்ல 2006 டிசம்பர்ல வீயோட சேர்ந்தே வந்தது, அமெரிக்காவுக்கு 2007 ஜனவரி. உள்ள 200-க்கு மேல குட்டி கேம். ஒவ்வொண்ணும் சில நொடிதான். ஒரு சொல்லுல கட்டளை வரும், என்ன ஏதுன்னு புரியறதுக்குள்ள செஞ்சு முடிக்கணும், அடுத்தது வந்துடும். போகப் போக வேகம் ஏறும். இந்த வரிசை 2003-ல கேம்பாய் அட்வான்ஸ்ல பொத்தான் மட்டும் வச்சு ஆரம்பிச்சது. அங்கே கட்டைவிரல் மட்டும்தான் ஓடும். வீக்கு வந்தப்புறம் மொத்த உடம்பையும் இழுத்து விட்டாங்க.

பல பேர் ஆடும்போது ரிமோட் கைமாறும். ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவர் கையில திணிக்கணும், அவர் வாங்கி மணிக்கட்டுல வார் மாட்டறதுக்குள்ள திரையில அடுத்த நிலை, அதாவது ரிமோட்டை எப்படிப் பிடிக்கணும்னு காட்டற படம், வந்து நிக்கும். எங்க வீட்ல பாதிச் சிரிப்பு இந்தக் கைமாத்தல்லதான். கேம் ஆடறவர் ஒருத்தர், வேடிக்கை பாக்கறவங்க பதினொரு பேர். அந்தப் பதினொரு பேருக்கு என்ன கிடைக்குதுன்னு பாத்துதான் நான் பார்ட்டி கேமுக்கு மார்க் போடுவேன். ஆடறவருக்கு என்ன கிடைக்குதுங்கறது அதுக்கப்புறம்.

முக்கியமான எச்சரிக்கை ஒண்ணு. டிஸ்கைப் போட்டவுடனே பல பேர் ஆடற பகுதி திறக்காது. தனியா கதைப் பகுதியை ஆடி முடிச்சாதான் பூட்டு திறக்கும். பார்ட்டி கேம்ல பார்ட்டியைப் பூட்டி வச்ச புத்திசாலித்தனத்தை அந்தக் காலத்துலயே எல்லாரும் திட்டினாங்க. விருந்தாளி வர்றதுக்கு முந்தின ராத்திரியே முடிச்சு வச்சுடுங்க. ஒரு சாயங்காலம் போதும்.

30 நவம்பர், கொஞ்ச நேரம் கழிச்சு

"ஏமாத்து வேலை" பத்தி. இதுல பாதி உண்மை இருக்கு, அந்தப் பாதிதான் சுவாரசியம்.

முதல் வீ ரிமோட்டுக்குள்ள இருக்கிறது முடுக்கத்தை அளக்கற ஒரு சில்லு. ஏடிஎக்ஸ்எல்330-ன்னு பேரு, மூணு அச்சு, கூட்டியும் குறைச்சும் 3 ஜி (புவியீர்ப்பைப் போல மூணு மடங்கு) வரைக்கும் அளக்கும். ரிமோட்டை அசையாமப் பிடிச்சா புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு அதுக்குத் தெரியும், அதனால சாய்வும் தெரியும். வீசி ஆட்டினா வீச்சும் ஈர்ப்பும் ஒண்ணா கலந்து வரும், ரெண்டையும் பிரிக்க வழியில்ல. மேசையில கிடத்தி இடம் வலமா திருப்பினா ஈர்ப்பு மாறாது, அதனால திருப்பினதே தெரியாது. சுழற்சியை அளக்கற ஜைரோ 2009-ல மோஷன்பிளஸ்னு தனித் துண்டா வந்துதான் ஒட்டிக்கிச்சு. ஆகவே அது வர்ற வரைக்கும், திரையைச் சுட்டாத நேரத்துல எந்த கேமுக்கும் உங்க கை எங்க இருக்குன்னு தெரியவே தெரியாது. ரிமோட் குலுங்குச்சு, எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு ஊகிக்கலாம். அவ்வளவுதான்.

இந்த ஓட்டையை ஸ்மூத் மூவ்ஸ் அடைச்ச விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒவ்வொரு கேமுக்கும் முன்னாடி ஒரு நிலை காட்டுவாங்க, யோகா வகுப்பு மாதிரி. குடை பிடிக்கிற நிலை, சைக்கிள் ஹேண்டில் பிடிக்கிற நிலை, மூக்குல ரிமோட்டை வச்சு யானை, இடுப்புல கை வச்ச பெரிய மனுஷன், ரிமோட்டைக் கீழ வச்சுட்டுக் கட்டளைக்குக் காத்திருக்கிற நிலை. முதல் தடவை வர்றப்போ ஒரு ஆள் தியான கேசட் குரல்ல அந்த நிலையோட தத்துவத்தை வாசிப்பார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

நான் அதை இப்படித்தான் படிக்கிறேன்: அந்த நகைச்சுவைக்குள்ள பொறியியல் ஒளிஞ்சிருக்கு. சில்லுக்குத் தெரியாதது "இவன் ரிமோட்டை எப்படிப் பிடிச்சிருக்கான்" அப்படிங்கறதுதான். நிலை சொல்லிட்டா அந்தக் கேள்விக்கு விடை முன்கூட்டியே வந்துடுது. குடைன்னா ரிமோட் நிமிந்து நிக்குது. இனி மேல குத்தறானா, சாய்க்கறானான்னு ஒண்ணை மட்டும் கவனிச்சா போதும். 200 சொச்சம் கேமுக்கும் தனித்தனியா சொல்லிக் கொடுக்கற வேலையும் மிச்சம். விளையாட்டு விதி, பிடிக்கிற விதம், காமெடி மூணையும் ஒரே படத்துல முடிச்சுட்டாங்க.

1 டிசம்பர்

ஒருத்தர் கேட்டிருக்கார்: "அப்போ நிலையில நிக்காம சோபால சாஞ்சுக்கிட்டே ஆடினாலும் வேலை செய்யும்தானே?"

செய்யும். வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸை மணிக்கட்டுச் சுண்டலாலேயே ஜெயிச்சவங்க எல்லாத் தெருவுலயும் உண்டு. யானை நிலைக்கு ரிமோட் மூக்குலதான் இருக்கணும்னு சில்லுக்கு எப்படித் தெரியும்? மடியில வச்சாலும் அதே சாய்வுதான்.

ஆனா மிஷின் ஒத்துக்கிட்டாலும் கூடத்துல உக்காந்திருக்கிற சனம் ஒத்துக்காது. "சித்தப்பா, மூக்கு! மூக்கு!"ன்னு கத்துவாங்க. நடுவர் வேலையை வேடிக்கை பாக்கறவங்க கையில கொடுத்துட்ட கேம் இது. அதனாலதான் தனியா ஆடினா பத்து நிமிஷத்துல சலிக்கும். கூட்டத்துல ஆடினா ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும்.

சித்தப்பான்னதும் ஞாபகம். கல்யாண வீட்ல நாதஸ்வரக் கச்சேரிக்குக்கூடத் தலையை ஆட்டாத மனுஷன். பெரிய மனுஷன் நிலை வந்தது. இடுப்புல ரிமோட், திரையில வளையம், இடுப்பைச் சுத்தி வளையத்தைக் கீழ விழாமக் காப்பாத்தணும். வேட்டியை இறுக்கி முடிஞ்சார், கண்ணாடியைக் கழட்டிச் சித்திகிட்டக் கொடுத்தார், ரெண்டே சுத்து. முகத்துல ஒரு அசைவு கிடையாது, நெற்றிச் சந்தனம்கூடக் கலையல, இடுப்பு மட்டும் சுத்துது. சித்தி வாயைப் பொத்திக்கிட்டு சமையலறைக்குள்ள ஓடிட்டாங்க. வளையம் விழல. அவர் ரிமோட்டைப் பக்கத்து ஆள் கையில கொடுத்துட்டு, "அடுத்து யாருப்பா"ன்னு கேட்டுட்டு உக்காந்துட்டார்.

2 டிசம்பர்

"சென்சார் பார் இல்லாத வீ சல்லிசா கிடைக்குது, ஆனா அந்த சென்சார் இல்லாம வேலை செய்யாதாமே"ன்னு ஒருத்தர். பேரைப் பாத்து ஏமாறாதீங்க. டிவிகிட்ட வைக்கிற அந்தப் பட்டையில உணர்றதுக்கு எதுவுமே இல்ல. ரெண்டு முனையிலும் அகச்சிவப்பு எல்இடி, அவ்வளவுதான். கேமரா இருக்கிறது ரிமோட் மூக்குல. அந்த ரெண்டு வெளிச்சப் புள்ளியைப் பாத்து, தான் எங்க சுட்டுதுன்னு ரிமோட் கணக்குப் போடும். ரெண்டு மெழுகுவத்தி ஏத்தி வச்சாலும் வேலை செய்யும். இது கட்டுக்கதை இல்ல, அந்தக் காலத்துல உலகம் பூரா செஞ்சு பாத்தது. குலுக்கி ஆடற கேம்களுக்கு இந்தப் பட்டையே தேவையில்ல, திரையைச் சுட்டிக் காட்டற கேமுக்கும் மெனுவுக்கும்தான்.

4 டிசம்பர்

நேத்து கார்த்திகை தீபம். மேல எழுதினது மண்டையில ஓடிக்கிட்டே இருந்தது, டிவி மேசையில ரெண்டு அகல் வச்சு ஏத்திப் பாத்துட்டேன். பட்டையோட ஒயரைப் பிடுங்கிட்டேன். திரையில சுட்டி (கர்சர்) வந்தது! லேசா நடுங்குச்சு, சுடர் ஆடுதில்ல. ஃபேனை நிறுத்தினதும் நல்லாவே நின்னது.

அதே நேரம் அம்மா ஷோகேஸ் மேல வரிசையா எட்டு பத்து அகல் வச்சுட்டாங்க. சுட்டி பேய் பிடிச்ச மாதிரி திரையில குதிக்க ஆரம்பிச்சது. ரிமோட் கேமரா ஒரே நேரத்துல நாலு புள்ளி வரைக்கும்தான் பின்தொடரும், எந்த ரெண்டு உண்மையான ரெண்டுன்னு அதுக்கு எப்படித் தெரியும். ஆகவே பொங்கலன்னிக்கு டிவிக்குப் பக்கத்துல குத்துவிளக்கு எரிஞ்சா கொஞ்சம் தள்ளி வைங்க. ஜன்னல் வழியா நேரடி வெயில் விழுந்தாலும் இதே கூத்துதான்.

(அகல் பரிசோதனையைச் சின்னப் பசங்க இருக்கிற வீட்ல செய்யாதீங்க. ரிமோட்டை வீசற இடத்துல எண்ணெய் விளக்கு, யோசிச்சுப் பாருங்க.)

7 டிசம்பர்

ஒன்-டூ-சுவிட்ச் ஏன் வேணாம்னேன்னு கேக்கறீங்க. 2017 மார்ச் 3, சுவிட்ச் வந்த அன்னிக்கே வந்த கேம். 28 குட்டி விளையாட்டு. திரையைப் பாக்காதே, எதிர்ல நிக்கிற ஆளோட கண்ணைப் பார் அப்படிங்கறதுதான் கருத்து. நல்ல கருத்து. துப்பாக்கிச் சண்டைல கண்ணோட கண் பாத்துக்கிட்டு நிக்கறப்போ நிஜமாவே உள்ளங்கை வேர்க்கும். ஜாய்-கானுக்குள்ள எத்தனை கோலி உருளுதுன்னு அதிர்வை மட்டும் வச்சு எண்ணற விளையாட்டு இருக்கு. அது அசல் மாயம், கையில வெறும் பிளாஸ்டிக்தான் இருக்குன்னு பெரியவங்க நம்பவே மாட்டாங்க.

பிரச்சினை என்னன்னா பெரும்பாலும் ரெண்டு ரெண்டு பேர் விளையாட்டு, ஒவ்வொண்ணும் ஒரு தடவைக்கு அப்புறம் தீர்ந்து போகும். வீ ஸ்போர்ட்ஸைப் பெரும்பாலான நாடுகள்ல பெட்டியோட சும்மா கொடுத்தாங்க. இதை அமெரிக்காவுல 50 டாலருக்குத் தனியா வித்தாங்க. இதையும் ஏன் பெட்டியோட சும்மா கொடுக்கலைன்னு அப்பவே எல்லாரும் கேட்டாங்க.

அதுல பால் கறக்கற போட்டி ஒண்ணு உண்டு. எங்க அத்தை கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து ரெண்டு மாடு வச்சுக் கறந்தவங்க. கூப்பிட்டு நிக்க வச்சோம். ஜாய்-கானைக் கட்டைவிரலை மடக்கிப் பிடிச்சாங்க, விரல் ஒவ்வொண்ணா மேல இருந்து கீழ இறுக்கி ஒரு இழு, பாக்கவே அழகு. ஒரு சொட்டு வரல. எதிர்ல எங்க அக்கா பையன், மாட்டு மடியை ஒரு நாளும் கிட்டப் போய்ப் பாத்ததில்ல, பொத்தானை அழுத்திக்கிட்டே கையை மேலயும் கீழயும் ஆட்டறான், டம்ளர் டம்ளரா நிறையுது. அத்தை ஜாய்-கானைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது கன்னு போடாத மாடு போல இருக்குடா"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க.

ஜாய்-கான்ல ஜைரோவும் இருக்கு, முடுக்கமானியும் இருக்கு, 2006 ரிமோட்டைவிட எவ்வளவோ துல்லியம். ஆனாலும் அத்தை கை தோத்தது. கேமுக்கு வேண்டிய அசைவு ஒண்ணு, நிஜ அசைவு வேற. கூடத் துல்லியம் வந்தா இந்த இடைவெளி மூடிடும்னு நினைக்கறோம், மூடல. வாரியோவேர் இந்த வம்புக்கே போகாது. யானையா மூக்குல ரிமோட்டை வச்சு ஆட்டறதுல யாருக்கு முன்அனுபவம் இருக்கு? அத்தையும் பையனும் ஒரே கோட்டுல நின்னு ஆரம்பிப்பாங்க.

8 டிசம்பர்

"அத்தையோட மாடு விவரம் சொல்லுங்க, எத்தனை லிட்டர் கறக்கும்"னு கேட்டவருக்கு: இது கேம் இழை.

(நாட்டு மாடு, நேரத்துக்கு ரெண்டு லிட்டர்.)

13 டிசம்பர்

மூவ் இட்டை ஒரு நண்பர் வீட்ல ஒரு முழுச் சாயங்காலம் ஆடிட்டு வந்தேன். 29-ஆம் தேதி "ரெண்டும் வேணாம்"னு ஒரே போடா போட்டதைக் கொஞ்சம் தளர்த்திக்கறேன்.

2023 நவம்பர்ல வந்தது. ஸ்மூத் மூவ்ஸோட நேரடி வாரிசு, அதே 200 சொச்சம் குட்டி கேம், அதே நிலைகள், அதே தியானக் குரல் பாணி. வித்தியாசம், இப்போ ரெண்டு கையிலும் ஒவ்வொரு ஜாய்-கான். அதனால கோழி நிலை சாத்தியமாகுது: ஒரு கை மூக்குக்கிட்ட அலகா, இன்னொரு கை பின்னாடி வாலா. வில் இழுக்கற நிலை இருக்கு. உக்காந்து எந்திரிக்கற நிலையும் இருக்கு. வலது ஜாய்-கான் அடியில உள்ள அகச்சிவப்புக் கேமரா உங்க விரலை எண்ணும், மூணு விரல் காட்டுன்னா மூணு காட்டணும். இது வீயில கனவுலயும் நடக்காத வேலை.

ரொம்பப் பிடிச்சது ரெண்டு. ஒண்ணு, உயிர் எல்லாம் போனதும் ஒரு நிலை காட்டுவாங்க, அதைச் சரியாப் பிடிச்சு நின்னா திரும்ப உயிர் வரும். மொத்தக் கூடமும் "கையைத் தூக்கு, காலை அகட்டு"ன்னு அலறும். ரெண்டாவது, பார்ட்டி பகுதியில ஒரு விளையாட்டு: ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆடுவாங்க, உண்மையில கேமை ஓட்டறது அதுல ஒருத்தர்தான். மத்தவர் நடிக்கறார். எதிரணி கண்டுபிடிக்கணும் யார் நிஜம்னு. இதுல நடிகர் திலகமா ஆடறவங்களைப் பாக்கணுமே! நான் மேல சொன்ன "வேடிக்கை பாக்கறவங்களுக்கு என்ன கிடைக்குது" கணக்குல இதுக்கு முழு மார்க்.

குறைன்னா, கதைப் பகுதியை ரெண்டு பேர் சேர்ந்து ஆட ரெண்டு ஜோடி ஜாய்-கான் வேணும். பார்ட்டி பகுதி நாலு பேரோட நின்னுடும். உங்ககிட்ட இருக்கிறது ஒரு ஜோடி, ஆள் பன்னெண்டு. கூடுதல் ஜோடி ஒண்ணோட விலைக்கு ஒரு பழைய வீயே வந்துடும். அதனால என் பதில் மாறல, குரல்தான் கொஞ்சம் இறங்கியிருக்கு.

ரெண்டு கை துல்லியமானதுல இன்னொரு விளைவையும் பாத்தேன். நிலையில சரியா நிக்கலைன்னா மூவ் இட் சில சமயம் கண்டுபிடிச்சுடுது, தப்பா நின்னவன் தோத்துடறான். கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா கத்தறதுக்கு மத்தவங்களுக்கு வேலை குறையுது. தெரியல, இதை இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

14 டிசம்பர்

யோசிச்சேன். கத்தறது ஒண்ணும் குறையல, நேத்து எனக்குத் தொண்டை கட்டினதே சாட்சி. மேல கடைசிப் பத்தியை விட்டுடுங்க.

சீலிங் ஃபேன் பத்தி யாராவது எச்சரிக்கணும், நானே எச்சரிக்கறேன். மூவ் இட்ல ரெண்டு கையையும் வானத்தைப் பாத்துத் தூக்கற நிலை வரும். ஆறடிப் பையன், பழைய அபார்ட்மெண்ட் கூரை, ஓடற ஃபேன். அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கோங்க. ஃபேனுக்கு நேர் கீழ நிக்காம டிவியை நகர்த்த முடியுமான்னு பாருங்க, முடியலைன்னா ஃபேனை நிறுத்திட்டு வேர்வையோட ஆடுங்க. மார்கழி, தை மாசம்தானே, தாங்கும்.

பெரியம்மாவுக்கு முட்டி வலி உண்டுன்னா உக்காந்து எந்திரிக்கற நிலை உதவாது. ஸ்மூத் மூவ்ஸ்ல பெரும்பாலும் கை, இடுப்பு வேலைதான்.

20 டிசம்பர்

ரிமோட்டோட மணிக்கட்டு வார் மாட்டாம ஆடினா என்னன்னு கேட்டவருக்கு.

வீ வந்த ஒரே மாசத்துல ரிமோட் பறந்து டிவி உடைஞ்ச படங்கள் இணையம் பூரா ஓடுச்சு. 2006 டிசம்பர்லயே நின்டெண்டோ சுமார் 32 லட்சம் வார்களை இலவசமா மாத்திக் கொடுக்கறதா அறிவிச்சது. முதல் வாரோட கயிறு 0.6 மில்லிமீட்டர், அடுத்தது 1 மில்லிமீட்டர். 2007 அக்டோபர்ல அந்த ரப்பர் உறை வந்தது, அதுவும் இலவசம். பரண்ல இருந்து எடுக்கற ரிமோட்டுல கயிறு நூல் மாதிரி மெலிசா இருந்தா அது முதல் தலைமுறைன்னு அர்த்தம். புது வார் போட்டுட்டு ஆடுங்க.

ஸ்மூத் மூவ்ஸ்ல ஆபத்து கைமாத்தற நேரத்துலதான். அவசரத்துல யாரும் வார் மாட்ட மாட்டாங்க. எங்க வீட்ல ஷோகேஸ்ல இருந்த தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு இப்போ தலை தனி, உடம்பு தனி. யார் வீசினாங்கன்னு குடும்பத்துல இன்னும் ஒருமித்த கருத்து வரல. சின்னப் பசங்க ஆடறப்போ மட்டுமாவது "வார் மாட்டினாதான் அடுத்த கேம்"னு விதி வைங்க.

22 டிசம்பர்

"கையில எதுவுமே பிடிக்காம ஆடினா பறக்கவும் செய்யாது, கினெக்ட் (எக்ஸ்பாக்ஸ் 360-க்கான கேமரா) வாங்கலாமே" அப்படின்னு ஒரு யோசனை வந்திருக்கு.

வெறுங்கை ஆட்டத்துக்கு வழி போட்டது ஐடாய், 2003, பிளேஸ்டேஷன் 2-க்கு ஒரு சின்னக் கேமரா. திரையில உங்க உருவமே தெரியும், கையை வீசி ஜன்னல் கண்ணாடி துடைக்கலாம், வர்ற குட்டி நிஞ்ஜாக்களைத் தட்டி விடலாம். அது உங்களை அடையாளம் காணாது, படத்துல எந்த இடம் மாறுதுன்னு மட்டும் பாக்கும். பின்னாடி நாய் ஓடினாலும் அதுக்குக் கைதான். ட்யூப்லைட் மங்கலா இருந்தா அதுவும் போச்சு. ஆனாலும் ரெண்டாயிரங்கள்ல கூட்டம் சேத்த கேம், எனக்கு அது மேல ஒரு பாசம் உண்டு.

கினெக்ட் 2010 நவம்பர். ஆழத்தை அளக்கற கேமரா, உடம்பையே எலும்புக்கூடாப் படிக்கும். ஆனா ஒருத்தர் ஆட டிவியில இருந்து 6 அடி, ரெண்டு பேர்னா 8 அடி தள்ளி நிக்கணும். நம்ம வீட்டுக் கூடத்துல சோபாவை மொட்டை மாடிக்கு ஏத்தினாதான் அந்த இடம் கிடைக்கும். குட்டி கேமுக்கு வேற சிக்கலும் உண்டு: கை அசைஞ்சதுக்கும் திரையில அசையறதுக்கும் நடுவுல ஒரு தாமதம் தெரியும். அஞ்சு நொடி கேம்ல அதைத் தாங்க முடியாது.

27 டிசம்பர்

இந்த இழையைப் பாத்துட்டு ரெண்டு பேர் பழைய வீ எடுத்திருக்காங்களாம், சந்தோஷம். கரண்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

அமெரிக்காவுல இருந்து மாமாவோ பெரியப்பாவோ தூக்கிட்டு வந்த வீயா? அடாப்டர் அடியில எழுதியிருக்கறதைப் படிங்க. அமெரிக்க வீ அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும்தான். நம்ம 230-ல நேரா சொருகினா கதை முடிஞ்சது. என்னோடதும் அமெரிக்க வரவுதான், கூடவே ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் டிவிக்குப் பின்னாடி ரீங்காரம் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கு. டிஸ்கும் அமெரிக்க டிஸ்காதான் இருக்கணும், ஐரோப்பா டிஸ்கை அது படிக்காது. முன்பக்க இடுக்கு வழியா டிஸ்கை உள்ள இழுத்து, அப்புறம் மாட்டேன்னு செய்தி காட்டும்.

புது டிவியில மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பொத்து இல்லைன்னா எச்டிஎம்ஐக்கு மாத்தித் தர்ற கருவி வாங்கணும். டிவியில கேம் மோடு கட்டாயம் போடுங்க. படத்தை மெருகேத்தறேன்னு டிவி உள்ள எடுத்துக்கற நேரம் சினிமாவுக்குப் பரவாயில்ல, வாரியோவேர்ல வேகம் ஏறினப்புறம் நீங்க குதிச்சு முடிச்சு மூச்சு விட்டதுக்கு அப்புறம்தான் பொம்மை குதிக்கும். "மோஷன் சரியில்ல"ன்னு வர்ற புகார்ல நிறைய டிவி மேல போட வேண்டியது.

ரிமோட்டுக்கு ரெண்டு டபுள்-ஏ பேட்டரி. பழைய ரிமோட்டைத் திறந்தா பச்சைப் பூசணம் பிடிச்சிருக்கும். வினிகர் தொட்ட பஞ்சால துடைச்சு, நல்லாக் காய வச்சுப் போடுங்க.

28 டிசம்பர்

"ரேமன் ரேவிங் ராபிட்ஸ் பத்தி ஒரு வார்த்தை இல்லையே"ன்னு கோவிச்சுக்கிட்டவருக்கு ஒரு வார்த்தை: பசு.

சங்கிலியில கட்டின பசுவைச் சுத்திச் சுத்தி எறியற கேமுக்காகவே அந்த டிஸ்கை வச்சிருக்கேன். 2006-ல வீயோட வந்தது. சாகசக் கேமா ஆரம்பிச்சு, பாதி வழியில 70-க்கு மேல குட்டி விளையாட்டா மாறிப்போனது. நல்லா ஆடலாம், ஆனா ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் இழுக்கும், பன்னெண்டு பேர் வரிசையில நின்னா கடைசி ஆள் தூங்கிடுவார். அத்தைகிட்ட இந்தக் கேமைக் காட்டலை, காட்டவும் மாட்டேன்.

3 ஜனவரி 2026

ஒருத்தர் எவ்ரிபடி ஒன்-டூ-சுவிட்ச் வாங்கச் சொல்றார், செல்போனையே ரிமோட்டாப் பயன்படுத்தி 100 பேர் வரைக்கும் ஆடலாம்னு. உண்மைதான், 2023 ஜூன் 30-ல வந்தது. ஜாய்-கான் தட்டுப்பாட்டுக்கு அது நல்ல வழி. ஆனா அதுல குதிரை முகமூடி மாட்டின ஒரு தொகுப்பாளர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி பேசிக்கிட்டே இருப்பார். எங்க வீட்ல அந்த இடைவெளியில பாதிப் பேர் அதே போன்ல வாட்ஸப்புக்குப் போயிட்டாங்க, திரும்பி வரல. கையில போனைக் கொடுத்துட்டு கேமைப் பாருன்னா எப்படி? ரிமோட்ல வேற எதுவும் பண்ண முடியாது, அது பெரிய வசதி.

கல்யாண மண்டபம் அளவுக்குக் கூட்டம்னா யோசிக்கலாம். கூடம் அளவுக்கு வேணாம்.

11 ஜனவரி

சுவிட்ச் 2 வச்சிருக்கிற ஒருத்தர் மூவ் இட் ஓடுமான்னு கேட்டிருக்கார். ஓடும். ஆனா ஜாய்-கான் 2-ல அகச்சிவப்புக் கேமராவை எடுத்துட்டாங்க, அதுக்குப் பதிலா மவுஸ் மாதிரி தேய்க்கலாம். விரல் காட்டற கேம்களுக்கு அந்தக் கேமரா வேணும்ல, அதனால பழைய ஜாய்-கானைத்தான் இணைக்கணும். ஒன்-டூ-சுவிட்ச்ல வாயைத் திறந்து மூடிச் சாப்பிடற போட்டிக்கும் இதே கதைதான். இறக்குமதிக் கடையில பழைய சுவிட்சைக் கொடுத்துட்டுப் புதுசு எடுக்கறப்போ ஜாய்-கானையும் சேத்துக் கேப்பாங்க, வலதை மட்டுமாவது கையில வச்சுக்கோங்க. கட்டைவிரல் ஸ்டிக் தானா ஓடற பழசா இருந்தாலும் பரவாயில்ல, குட்டி கேம்கள்ல ஸ்டிக்குக்கு வேலையே இல்ல.